டிரைவர் சீட்டில் இருந்தது யார்

என் வேலை சந்தேகப்படுவது. வாசல் போர்டில் ‘மோட்டார் வாகன சர்வேயர்’ என்று கௌரவமாக எழுதியிருக்கும். கார் எங்காவது இடித்தால் சொந்தக்காரர் இன்சூரன்ஸ் கேட்டு எழுதிக் கொடுப்பார். அவர் எழுதியதும் காரில் விழுந்திருக்கும் அடியும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து நான் கம்பெனிக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். ராஜபாளையத்தில் முப்பது வருஷத்துக்கு மேலாக இதைத்தான் செய்கிறேன். மனிதர்கள் சொல்வதை எழுதிக்கொள்வேன். தகடு சொல்வதை நம்புவேன்.

வீட்டுக்குள் வந்தாலும் இந்தப் புத்தி என்னை விடாது. மகள் கல்லூரியில் படித்த காலத்தில், தாமதமாக வந்தாள் என்றால் அவள் மேஜையில் கிடக்கும் பஸ் டிக்கெட்டை எடுத்துப் பார்ப்பேன். அவளுக்கு அது தெரிந்து, ஒரு நாள் டிக்கெட்டைத் தட்டில் வைத்து என் முன்னால் நீட்டினாள். என் மனைவி சண்டை போடவில்லை. நான் அவளைப் பார்க்கும்போதுகூட எங்கே நசுங்கியிருக்கிறது என்று தேடுகிற மாதிரி இருப்பதாக மட்டும் சொன்னாள்.

நான் பார்த்த கார்களில் பாதிக்கு மேல் எண்ணூறு என்கிற சின்னக் கார்தான். நான் பள்ளிக்கூடம் போன நாட்களில் எங்கள் ஊரில் கார் என்றால் அம்பாசிடர். மில் முதலாளிகள் வீட்டுப் போர்டிகோவிலும் டாக்ஸி ஸ்டாண்டிலும் அதுதான் நிற்கும். எண்பதுகளில் எண்ணூறு வந்தது. வடக்கே அரசாங்கமும் ஒரு ஜப்பான் கம்பெனியும் சேர்ந்து ஆரம்பித்த தொழிற்சாலையிலிருந்து வந்த கார். மூன்றே சிலிண்டர். எண்ணூறு சி.சி.க்குக் கொஞ்சம் குறைவான இன்ஜின். கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு அந்த எண்ணையே எல்லோரும் பெயராக்கிக்கொண்டார்கள். பதிவு செய்துவிட்டு மாசக்கணக்கிலும் வருஷக்கணக்கிலும் காத்திருந்தார்கள். எங்கள் தெருவுக்கு முதல் எண்ணூறைக் கொண்டுவந்தவர் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்தவர். அவர் அதை வாசலில் நிறுத்தியதும் பெரியவர்கள் நாலைந்து பேர் சுற்றி வந்து தகட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார்கள். விரல் வைத்த இடம் உள்ளே போய் வெளியே வந்தது. பிஸ்கட் டப்பா என்று அங்கேயே பெயர் வைத்துவிட்டார்கள். இது செங்கோட்டை மலை ஏறாது, மழைக்குத் தாங்காது, லாரிக்காரன் மூச்சு விட்டால் பறந்துவிடும் என்றெல்லாம் பேச்சு. அவர் குடும்பத்தோடு குற்றாலம் போய்த் திரும்பி வந்தார். அதற்குப் பிறகும் அவர்கள் சந்தேகம் தீரவில்லை.

அந்தக் கார் எங்கள் ஊர்களில் என்ன செய்தது என்று பிற்பாடு என் தொழிலில்தான் எனக்குப் புரிந்தது. அம்பாசிடருக்கு ஒரு டிரைவர் உண்டு. இடித்தால் இடித்தது அவர்தான், கேள்வியே கிடையாது. எண்ணூறில் சொந்தக்காரரே ஸ்டீரிங் பிடித்தார். டாக்டர்கள், வாத்தியார்கள், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்கள், ஜவுளிக்கடைக்காரர்கள் எல்லோரும் ஓட்டினார்கள். ஸ்டீரிங் லேசாக இருந்ததால் வீட்டுப் பெண்களும் கற்றுக்கொண்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண் டாக்டர் ரத வீதியில் தன்னந்தனியாக எண்ணூறு ஓட்டிப் போவதைப் பார்க்கக் கடைக்காரர்கள் வெளியே வந்து நிற்பார்கள். ஒரே சாவியை வீட்டில் நாலு பேர் எடுக்க முடிந்தது. அன்றிலிருந்துதான் சர்வேயர் கேட்கிற முதல் கேள்வி பிறந்தது: ஓட்டியது யார்?

அந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பொய்கள் ஏராளம். லைசென்ஸ் எடுக்காத மகன் ஓட்டியிருப்பான், அப்பா நான்தான் என்பார். குடித்துவிட்டு அண்ணன் ஓட்டியிருப்பான், தம்பி வந்து கையெழுத்துப் போடுவான். எல்லோருக்கும் குறுக்கே ஓர் ஆடு வந்திருக்கும். தேவதானத்திலிருந்து கிருஷ்ணன்கோவில் வரைக்கும் காகிதத்தில் எத்தனை ஆடு ஓடியிருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எண்ணூறு தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். அதற்குள் டப்பா மாதிரி இருந்த முதல் உருவம் போய், மூக்கு மழுங்கிய இரண்டாவது உருவம் வந்து, கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்து, நடுவில் சில வண்டிகளில் நாலு கியர் ஐந்து கியராகவும் ஆகியிருந்தது. அதே மூன்று சிலிண்டர் இன்ஜினைச் சீட்டுக்கு அடியில் வைத்து ஒரு வேனும் வந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப் பேரைப் பள்ளிக்கூடத்துக்குச் சுமந்தது அந்த வேன்தான். நான் சொல்ல வந்த விஷயத்தில் அந்த வேனும் வருகிறது.

நாலு வருஷத்துக்கு முன்னால், தை மாதம் என்று நினைக்கிறேன், ஒரு எண்ணூறு கிளெய்ம் வந்தது. கடைசிக் காலத்தில் வந்த வண்டி, வெள்ளை. சொந்தக்காரர் சோழபுரத்துக்காரர், ராணுவத்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய வண்டிக்கு யாரும் முழு இன்சூரன்ஸ் கட்டுவதில்லை. இவர் ஒரு வருஷம்கூட விடாமல் கட்டியிருந்தார். பிளவக்கல் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கு மனைவியோடு போய்த் திரும்பும்போது, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நாலைந்து கிலோமீட்டர் முன்னால், ஒரு சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் இடித்திருக்கிறார். குறுக்கே ஆடு. படித்ததும் பேனாவை மூடி வைத்தேன்.

வண்டி ராஜபாளையத்தில் பாய் ஒர்க்‌ஷாப்பில் நின்றது. பாய்க்கும் எனக்கும் இருபது வருஷப் பழக்கம். எண்ணூறு என்றால் கண்ணைக் கட்டிவிட்டாலும் கழற்றி மாட்டுவார். நான் போனபோது அவர் வேறு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். நானே சுற்றிப் பார்த்தேன். இடது பக்கம் பம்பர், ஹெட்லைட், ஃபெண்டர், ரேடியேட்டர் எல்லாம் போயிருந்தது. சுவரில் இடித்த அடிதான், பொய்யில்லை. வேகமும் அதிகமில்லை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்காரப் போனேன். என்னால் உட்கார முடியவில்லை. சீட் முழுக்க முன்னால் இழுத்து வைக்கப்பட்டிருந்தது. முழங்கால் ஸ்டீரிங்கில் முட்டியது. உள்கண்ணாடியும் கீழ்ப் பக்கம் திரும்பியிருந்தது. நான் சராசரி உயரம். என்னைவிட முக்கால் அடியாவது குட்டையான ஒருவர் கடைசியாக இந்தச் சீட்டில் இருந்திருக்கிறார்.

பாயிடம் கேட்டேன். வண்டி கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது, ஸ்டீரிங் பிடித்து வந்தது யார், சீட்டை யாராவது நகர்த்தினார்களா என்று. ஸ்டீரிங் பிடித்தது தானே என்றும், அவசரத்துக்கு ஒடுங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்து வந்ததாகவும், ஸ்பாட்டில் பார்த்த மாதிரியே கொண்டுவந்து விடுவதுதான் தன் வழக்கம் என்றும் சொன்னார். பாய் ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஊருக்குள் வருவதற்குப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரமா ஒடுங்கிக்கொண்டு வருவார்? யாரையோ காப்பாற்றுகிறாரோ என்று எனக்கு அவர் மேலேயே சந்தேகம் வந்தது. திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர் கையைத் துடைத்த துணியைக் கீழே போட்டார்.

“இருபது வருசத்துல உங்ககிட்ட ஒரு போல்ட்டு மாத்திச் சொல்லிருக்கனா சார்? நீங்க என்னையவே சர்வே பண்றீய.”

சொல்லிவிட்டு மறுபடி வண்டிக்கு அடியில் போய்விட்டார். அன்று டீ வாங்கி வரச் சொல்லவில்லை.

மறுநாள் சோழபுரம் போனேன். கண்மாய்க் கரைக்குக் கீழே சின்னக் கான்கிரீட் வீடு. வாசலில் பள்ளிக்கூட வேன் நின்றது. நான் சொன்ன அதே வேன், மஞ்சள் பெயின்ட் அடித்து. ராணுவத்திலிருந்து வந்த பிறகு ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டுகிறாராம். காலையும் சாயங்காலமும் பதினாலு பிள்ளைகள். ஆள் ஆறடிக்கு மேல் இருந்தார். சட்டை மடிப்புக் கலையவில்லை. அவர் மனைவி கதவோரம் நின்றாள். அவர் நெஞ்சு உயரத்துக்குக்கூட இல்லை. எனக்கு அங்கேயே கணக்கு முடிந்துவிட்டது. லைசென்ஸ் இல்லாமல் மனைவி ஓட்டியிருக்கிறாள், புருஷன் பழியை ஏற்றுக்கொள்கிறார். முப்பது வருஷமாகப் பார்க்கிற கதை.

கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். அவர் ராணுவத்தில் பதில் சொல்கிற மாதிரியே சொன்னார். நேரம், இடம், வேகம், ஆடு. ஆடு என்ன நிறம் என்றேன். செவலை என்றார், யோசிக்காமல். அந்த இடத்தில் அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஒருக்க ஒர்க்‌ஷாப் வந்து சீட்ல உக்காந்து காட்ட முடியுமா?” என்றேன்.

அவர் முகம் மாறவில்லை. ஒர்க்‌ஷாப்பில் எவனாவது நகர்த்தியிருப்பான் என்றார். சீட் நகர்ந்திருப்பதைப் பற்றி நான் அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதை அவரும் உடனே உணர்ந்துவிட்டார். வேனுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து போனார்.

விஷயம் இவ்வளவுதான் என்று அறிக்கையை எழுதியிருக்கலாம். ஆனால் அரைகுறையாக எழுதினால் எனக்குத் தூக்கம் வராது. ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி வத்திராயிருப்பு ரோட்டில் அந்தப் பாலத்தைத் தேடிப் போனேன். சுவரில் வெள்ளைப் பெயின்ட் ஒட்டியிருந்தது. எதிரே தென்னந்தோப்பு, ஓரமாக ஓர் இளநீர்க் கடை. கடைக்காரர் பார்த்திருந்தார். ஆடு எதுவும் வரவில்லையாம். கார் முதலில் கொஞ்ச தூரம் தள்ளிப் புளியமரத்து நிழலில் ரொம்ப நேரம் நின்றதாம். பிறகு துள்ளித் துள்ளி வந்து சுவரில் இடித்ததாம். வலது கதவைத் திறந்து ஒரு பொம்பளை இறங்கினாளாம். பக்கத்துச் சீட்டில் ஓர் ஆள் தலை தொங்கிக் கிடந்தாராம்.

“குடிச்சிருப்பாரு போல சார். நான் கிட்டப் போகல்ல” என்றார்.

குடி. அதுவும் சேர்ந்துகொண்டது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் பகலில் குடித்துவிட்டு மனைவியை ஓட்டச் சொல்லியிருக்கிறார். திரும்பி வருகிற வழியெல்லாம் அறிக்கையின் வாக்கியங்களை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன். ஒவ்வொன்றும் நன்றாக வந்து உட்கார்ந்தது. அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வேன் சாயங்கால நடைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து மறுபடி சோழபுரம் போனேன். அந்த அம்மா தனியாக இருந்தாள். நான் வருவேன் என்று தெரிந்த மாதிரி நாற்காலி எடுத்துப் போட்டாள். ஸ்பாட்டுக்குப் போய் வந்ததைச் சொன்னேன். நீங்கள்தான் ஓட்டினீர்கள், உங்களிடம் லைசென்ஸ் கிடையாது, அதனால்தான் இவ்வளவு பொய் என்றேன். அவள் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அதில் அவள் லைசென்ஸ் இருந்தது. ஆறு வருஷம் முன்னால் எடுத்தது. எல்லாம் சரியாக இருந்தது. திருப்பிப் பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நிஜம்தான்.

கண்மாய் வற்றிக் கிடந்த ஒரு கோடையில் அவர்தான் இந்த எண்ணூறில் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தாராம். ஆனால் லைசென்ஸ் எடுத்த பிறகு ரோட்டில் ஒரு நாளும் சாவியைக் கொடுத்ததில்லை. சொந்தக்காரர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்பாராம்.

எனக்குக் குழம்பிவிட்டது. லைசென்ஸ் உள்ள மனைவி ஓட்டி இடித்தாள் என்று எழுதிக் கொடுத்திருந்தால் கிளெய்ம் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். பொய் எதற்கு?

“அவியளுக்கு வலிப்பு வருது சார்” என்றாள்.

குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள். தூங்கும்போது இரண்டு தடவை வந்திருக்கிறது. அவர் நம்பவில்லை. கனவு கண்டேன் என்றிருக்கிறார். டாக்டரிடம் போகவும் மாட்டேன் என்றிருக்கிறார். மூன்றாவது தடவை அன்றைக்கு, ஓட்டிக்கொண்டு வரும்போது. இடது கை தானாக இழுக்க ஆரம்பித்ததும் எப்படியோ ஓரம் கட்டி நிறுத்திவிட்டார். நிறுத்தின மறு நிமிஷம் வெட்டியிருக்கிறது. பயத்தில், எல்லோரும் செய்கிற மாதிரி, இரும்பு கொடுக்கிறோம் என்று அவளும் கார்ச் சாவியை உருவி அவர் கையில் திணித்திருக்கிறாள். அவர் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வலிப்பு நின்ற பிறகும் விரல் பிரியவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்துச் சாவியை எடுத்து, அவரை அடுத்த சீட்டுக்கு இழுத்துத் தள்ளி, டிரைவர் சீட்டை முன்னால் இழுத்து, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வண்டியை எடுத்திருக்கிறாள். பாலத்துக்கிட்ட எதிரே பஸ் வந்தது, ஒடித்துவிட்டேன் என்றாள். இடித்த பிறகு அவருக்கு நினைவு திரும்பியிருக்கிறது. முதலில் கேட்டது, யாராவது பார்த்தார்களா என்று. வெளியே தெரிந்தால் வேன் போய்விடும்.

நான் பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை.

“சர்வேயர் வருமுன்ன பாய்கிட்டப் போயி சீட்டைப் பின்னால தள்ளிட்டு வான்னு எங்கிட்டதான் சொன்னாவ. போனேன். வண்டியத் தொட்டுப் பாத்தேன். தள்ளாம வந்துட்டேன்.”

காரணத்தையும் அவளே சொன்னாள்.

“நானாப் போயி ஸ்கூல்ல சொன்னா அவிய எம்மூஞ்சில முழிக்க மாட்டாவ. சொல்லாம இருந்தா அந்தப் பிள்ளைக மூஞ்சில நான் முழிக்க முடியாது. பதினாலு பிள்ளைக சார். நீங்க கண்டுபிடிச்சுருவீயன்னு நெனச்சேன்.”

உண்மையைச் சொன்னால், அந்த நேரத்திலும் எனக்குள் ஒன்று அவளை நம்பவில்லை. மறந்துவிட்டு வந்ததை இப்போது வேண்டுமென்றே விட்டதாகச் சொல்கிறாளோ என்று ஓடியது. இப்போதும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது. பதினாலு பிள்ளைகள் நிஜம்.

வேன் வருகிற வரைக்கும் காத்திருந்தேன். அவர் இறங்கி வந்து எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. நாளைக்கு நீங்கள் வேனை எடுக்கக் கூடாது, நீங்களே பள்ளிக்கூடத்தில் சொல்லிவிடுங்கள், டாக்டரைப் பாருங்கள் என்றேன். அவர் மனைவி பக்கம் திரும்பி, “ஏட்டி, நீ சொன்னியா?” என்று மட்டும் கேட்டார். நானாகக் கண்டுபிடித்தேன் என்றேன். முப்பது வருஷம் பொய் பிடித்தவன் அன்று ஒரு பொய் சொன்னேன். அவர் உள்ளே போய் மின்விசிறியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அன்று சாயங்காலமே பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. அந்த ஆள் தானாகச் சொல்லட்டும், அந்த மரியாதையையாவது கொடுப்போம் என்று நினைத்தேன். ஆனால் விடிந்ததும் எனக்கு அவர் மேல் நம்பிக்கை போய்விட்டது. ஏழு மணிக்கே என் எண்ணூறை எடுத்துக்கொண்டு போய்ச் சோழபுரம் பஸ் நிறுத்தத்தில் நின்றேன். நானும் எண்ணூறுதான் வைத்திருக்கிறேன். அது இடிபட்டால் எங்கே நசுங்கும் என்று எனக்குத் தெரியும்.

ஏழரைக்கு மஞ்சள் வேன் வந்தது. அவர்தான் ஓட்டி வந்தார். உள்ளே மூன்று பிள்ளைகள். நிறுத்தத்தில் இன்னும் இரண்டு பிள்ளைகளை அவர்கள் அம்மா ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். நான் காரைவிட்டு இறங்கி வேன் ஜன்னலுக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்தார். கை ஸ்டீரிங்கை விடவில்லை.

“பிள்ளைக முன்னால வேண்டாம் சார்” என்றார். “ஸ்கூல்ல நிறுத்திட்டு நானே சாவியக் குடுத்திருதேன்.”

நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. நான் நம்பவில்லை. நீங்கள் அந்தப் பக்கம் போய் உட்காருங்கள், நான் ஓட்டுகிறேன் என்றேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். பின்னால் ஒரு சிறுமி, ஏன் மாமா வண்டி கிளம்பவில்லை என்று கேட்டாள். அவர் இறங்கி, வேனைச் சுற்றி மறுபக்கம் வந்து உட்கார்ந்தார். தனக்குக் கை வலிக்கிறது, இன்றைக்கு இந்த மாமா ஓட்டுவார் என்று பிள்ளைகளிடம் சொன்னார்.

அந்த வேன் ஓட்டுவதற்கு என்னிடம் பேட்ஜ் கிடையாது. என் சொந்த லைசென்ஸ் அதற்குச் செல்லாது. வழியில் ஏதாவது நடந்திருந்தால் வேறொரு சர்வேயர் வந்து, ஓட்டியது யார் என்று கேட்டிருப்பார். நான்தான் சார் என்று அந்த ராணுவக்காரர் சொல்லியிருப்பார், நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன் என்பது எனக்கு அந்த ரோட்டில் நன்றாகத் தெரிந்தது. பார்வை ரோட்டில் பாதி, அவர் இடது கையில் பாதி. அந்தக் கை தொடைமேல் அசையாமல் கிடந்தது. எந்த நிறுத்தத்தில் எந்தப் பிள்ளை, யாருக்கு எந்த இடம், யார் வாந்தி எடுப்பாள், யாரை ஜன்னல் பக்கம் விடக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். குரல் ஒரே மாதிரி இருந்தது.

பள்ளிக்கூட வாசலில் பதினாலு பேரையும் எண்ணி இறக்கினார். கடைசிப் பிள்ளை உள்ளே போன பிறகு என்னிடம் கை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். நிமிர்ந்து நடந்து ஆபீசுக்குள் போனார். வெளியே வந்தபோது கையில் சாவி இல்லை. நான் பஸ் ஸ்டாண்டு வரை கூட வருவதாகச் சொன்னேன். வேண்டாம் என்று கையால் காட்டிவிட்டு நடந்தார். நான் ஆட்டோ பிடித்துச் சோழபுரம் போய் என் காரை எடுத்துக்கொண்டேன்.

அறிக்கையில் நடந்ததை எழுதினேன். ஓட்டியது மனைவி, லைசென்ஸ் உண்டு, முதலில் கொடுத்த வாக்குமூலம் உண்மையல்ல. வலிப்பைப் பற்றி எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்து, கடைசியில் அதையும் எழுதினேன். வாக்குமூலம் பொய் என்பதைக் காட்டிக் கம்பெனி கிளெய்மைத் தள்ளிவிட்டது. எதிர்பார்த்ததுதான்.

வண்டியை அப்படியே விடவில்லை பாய். சேத்தூர்ப் பக்கம் பழசாகக் கிடந்த ஒரு எண்ணூறிலிருந்து ஃபெண்டரும் பானட்டும் எடுத்து, வெள்ளையடித்து மாட்டிக் கொடுத்தார். நான் போய் அவரிடம், உங்களைச் சந்தேகப்பட்டது தப்பு என்றேன். அவர் ஸ்பேனரைத் தேடிக்கொண்டே, சந்தேகப்படாவிட்டால் அந்த வேன் இன்னும் ஓடியிருக்கும் என்றார். எனக்கு அது சமாதானமாகவும் இருந்தது, குத்தலாகவும் இருந்தது. எது என்று அவரிடம் கேட்கவில்லை. அடுத்த தடவையிலிருந்து டீ வந்தது.

மதுரையில் ஒரு நரம்பு டாக்டரிடம் அவர் மருந்து எடுத்துக்கொள்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மாசம் ஒரு தடவை அவர் மனைவிதான் எண்ணூறை ஓட்டிக் கூட்டிப் போகிறாளாம். முதலில் ஊர் வாயைப் பிளந்து பார்த்ததாம். பிறகு பழகிவிட்டதாம். அவர் இப்போது அரை ஏக்கரில் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிறார். வழியில் பார்த்தால் என்னோடு பேசுவதில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் அதுவும் ஒரு கிளெய்ம்தான்.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பெட்ரோல் பங்க்கில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் அந்த வெள்ளை எண்ணூறு. அந்த அம்மா ஸ்டீரிங்கில் இருந்தாள். என்னைக் கண்ணாடியில் பார்த்துத் தலையசைத்தாள். அவர் இறங்கி டேங்க் மூடியைத் திறந்துவிட்டு, அவர்கள் வண்டியின் டயர்களைச் சுற்றிப் பார்த்தார். திரும்பும்போது என் கார்ப் பக்கம் பார்வை போனது. நின்றார். ஜன்னலுக்கு வந்தார். நாலு வருஷத்தில் முதல் தடவை.

“பின்னால எடது டயர்ல காத்துக் கம்மியா இருக்கு” என்றார்.

அவ்வளவுதான். போய் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். அந்த அம்மா நிதானமாக வண்டியை எடுத்து ராஜபாளையம் ரோட்டில் திரும்பினாள். அவர்கள் கண்ணுக்கு மறைந்த பிறகு நான் இறங்கிப் போய் டயரை அமுக்கிப் பார்த்தேன். கம்மியாகத்தான் இருந்தது.